நாலு தட்டு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் காதுக்குள் விசில் கிளம்புகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் பேனா பிடித்துப் பழக்கமாகிவிட்டது. கையெழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். டாக்டர் கொடுத்த காதடைப்பானைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பேண்டின் நாலாவது ஆல்பம் முடிந்துவிட்டது. நானும் நம் கீபோர்டுக்காரன் கொக்கும் மட்டும் செய்தோம். ஒன்பது பாட்டு. டிரம்ஸ் இல்லை. உன் இடத்தில் வேறு ஆளை வைக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய மாதிரி சத்தம் எழுப்பத் தகரம், இரும்பு வாளி, துளை போடுகிற மெஷின் எதுவும் கிடையாது. பின்னணிக்கு என் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுகிறது. கொக்கு கீபோர்டில் ஒரு விரலை வைத்துவிட்டு எடுக்க மறந்தவன் போல வாசிக்கிறான். நான் பாடுகிறேன், பாடுகிறேன் என்பதுகூட அதிகம். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க டோக்கன் நம்பர் கூப்பிட்டுவிட்டு வருகிறவளுக்குக் கத்தத் தெம்பு ஏது? ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, "துணிச்சலான திருப்பம் மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. களைப்புக்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது போல.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பேண்டின் பெயரைப் போட வேண்டுமென்றால் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாம்தானே அன்றைக்கு எழுதிக் கொடுத்தோம். நானும் கொக்கும் போட்டாயிற்று. மாதக் கடைசிக்குள் உன்னுடையது வராவிட்டால் என் பெயரில் மட்டும் வெளியிடுவார்களாம். அதோடு பேண்டு முடிந்தது. எனக்கு அது வேண்டாம், தம்பி.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். பல் செட் செய்யும் இடத்தில் எனக்கு மெழுகு வேலை கொடுத்திருக்கிறார்கள். ராவுகிற மெஷின் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக வரிசை வைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரம் பதினொரு பேருக்குச் சிரிப்பு தயார். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒழுங்காக உட்காருகிறதா என்று கடைசியில் தட்டிப் பார்ப்போம். நேற்று என்னை அறியாமல் பழைய வேகத்தில் நாலு தட்டு தட்டிவிட்டேன். முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அது ஒருத்தரோட வாய். விளையாடாதீங்க" என்றார்.

ஆல்பம் முடிந்த பிறகு எழுதுகிறாய். ஆரம்பிக்கும்போது எழுதியிருக்கலாம். பதினான்கு வருஷம் ஒவ்வொரு பாட்டையும் நான்தான் குச்சியை நாலு தட்டு தட்டி ஆரம்பித்து வைத்தேன். நான் தட்டாமல் நீ வாயைத் திறந்ததில்லை. இப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்பது பாட்டு. வேறு ஆளை வைக்கவில்லை என்று பெருமையாக எழுதுகிறாய். வைத்திருந்தால் அவனைத் திட்டியாவது மனசு ஆறியிருக்கும். ஃபிரிட்ஜை எப்படித் திட்டுவது?

பேண்டுக்குப் பெயர் வைத்தது நான். சத்தத்துக்கு வைத்த பெயர் அது. அதை இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தாள் மேஜை டிராயரில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. தூக்கம்தான், காது விட்டால் உண்டு.

இப்படிக்கு,
தம்பி

---

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு வேலையில் மனசு இல்லை. டோக்கன் கூப்பிடுகிற வேலைதான். அதிலும் நாற்பத்திரண்டை இரண்டு தடவை கூப்பிட்டு ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சொல்லாதது தப்புதான். சொல்லியிருந்தால் நீ குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. கடைசிக் கச்சேரியில் மேடையை விட்டு இறங்கி, நான் பேசுவது எதுவும் காதில் விழாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஒண்ணுமில்லக்கா, இன்னும் ஒரு பாட்டு இருக்குல்ல?" என்று கேட்டாய். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் மூன்று தடவை சொன்னேன். நீ மறுபடியும் அதையே கேட்டாய். உன்னை இன்னொரு தடவை அந்த ஸ்டூலில் உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை. திட்டுவதென்றால் இதற்குத் திட்டு.

உன் டிரம்ஸ் இங்கே பின்னறையிலேயே போர்வை போர்த்திக்கொண்டு இருக்கிறது. நானும் கொக்கும் அதன் பக்கத்தில்தான் பயிற்சி செய்கிறோம். துவைத்த துணி வைக்க வேறு இடமில்லாமல் மடித்து உன் ஸ்டூல் மேல் வைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சிடி அனுப்புகிறேன். கேட்காமல் திட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, இந்த ஒரு தடவை கேட்டுவிட்டுத் திட்டு. இயர்போன் வேண்டாம், சத்தத்தைக் குறைத்து வை. கம்பெனிக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒன்றை வெட்டச் சொல்லி உயிரை எடுக்கிறார். முடியாது என்றுவிட்டேன். எதை என்று நீயே தெரிந்துகொள்வாய்.

கேட்ட பிறகும் மனசு வராவிட்டால் தாளைக் கிழித்துப் போடு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். சிடி சுற்றுகிறது, நம்பர் ஓடுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. காதில் வழக்கமான விசில் மட்டும். போச்சு, மிச்சம் இருந்ததும் போச்சு என்று நினைத்தேன். ஐந்தாறு நொடிதான் இருக்கும், அந்த மாதிரி நான் எந்த டாக்டர் முன்னாலும் பயந்ததில்லை. அப்புறம் உன் குரல் வந்தது. முதல் பாட்டு என் காதில் ஏறவே இல்லை, காது இருக்கிறதே என்கிற நிம்மதியிலேயே போய்விட்டது.

இரண்டாவது பாட்டுக்கு முன்னாலும் அதே பயம், கொஞ்சம் குறைவாக. மூன்றாவதில் என் விரல் முழங்காலில் தானாகத் தட்டியது. நாலு. நாலாவது தட்டு முடிந்ததும் நீ வாயைத் திறந்தாய். எழுந்து போய் மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். ஒன்பதிலும் நாலு தட்டு இடம் விட்டிருக்கிறாய். அஞ்சாவது பாட்டுக்கு நான் அவசரமாகத்தான் தட்டியிருப்பேன் என்பதுகூட உனக்குத் தெரிந்திருக்கிறது. அழுதுவிட்டேன். சொன்னால் என்ன, நீதானே.

ஆல்பம் நன்றாக இருக்கிறது. ஆறாவது பாட்டில் வருவது உன் டோக்கன் குரல்தான், அதை இத்தனை வருஷம் என் சத்தத்துக்கு அடியில் போட்டு அமுக்கி வைத்திருந்திருக்கிறேன். எங்கே தட்டலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஓர் இடம்கூட இல்லை. நான் இருந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

அதனால்தான் கேட்கிறேன். கம்பெனிக்காரர் சொல்கிறபடி அதை வெட்டிவிடு. அது எனக்காகப் போட்டு வைத்த இடம். நான் வரமாட்டேன், அக்கா. போன மாதமே டாக்டர் சொல்லிவிட்டார், போன காது இனி திரும்பாது என்று. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்லாமல் வைத்ததும் நான் சொல்லாமல் வைத்ததும் சரிக்குச் சரி. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நீ நின்று காத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு என்னால் இங்கே பல் வரிசை வைக்க முடியாது.

தாளில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். பெயரை எடுத்துக்கொள். நான் தட்டாமலே ஆரம்பி.

இப்படிக்கு,
தம்பி

---

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

தாள் வந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதிலும் வெட்டியாயிற்று. "நீ வெட்டு, நான் பாக்கல" என்று கொக்கிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். எல்லாம் சேர்த்து முக்கால் நிமிஷம்கூட வரவில்லை என்றான். கம்பெனிக்காரருக்கு ஏக சந்தோஷம், இப்போதுதான் பாட்டு பாட்டு மாதிரி ஆரம்பிக்கிறதாம். அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் சொன்னதை நீ ஒரு மாதம் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்கு உன்னை நேரில் வந்து திட்டுவேன். லீவு கேட்டிருக்கிறேன். பேச வேண்டாம், நீ பல் வை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னறையில் பயிற்சி. கொக்கு விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். "எதுக்கு நிக்கிற?" என்று கேட்டான். பழக்கதோஷத்தில் திரும்பி உன் ஸ்டூலைப் பார்த்தேன். மடித்து வைத்த துணிதான் இருந்தது.

ஆரம்பித்துவிட்டேன், தம்பி.

அக்கா