வீட்டுக்குப் பத்தொன்பது, மோட்டாருக்கு ஒன்று

பாவா,

வீடு காலி செய்வதற்காகப் பீரோவின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். பிரிக்காத லுங்கி ஒன்று கிடைத்தது. உன் கடைச் சரக்கு. உதறியதும் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. கூடவே உன்மேல் எனக்கிருந்த பழைய கோபமும் ஏறியது. உன்னிடம் வாங்கிய எதற்கும் நான் விலை பேசியதில்லை. நீ சொன்னதைக் கொடுத்தேன். நீ எனக்குச் சொன்னது முதல் விலையா, கடைசி விலையா என்று இன்றுவரை தெரியாது. நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. இனிக் கேட்கவும் முடியாது. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நமக்குள் எந்த உறவும் இல்லை. உன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உன் துணிக்கடையும் மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அதில் வந்த முறைதான் பாவா, உங்கள் தெலுங்கில் மச்சான். நீ பொதட்டூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்குவாய். நாள் முழுக்க விலை சொல்வாய், குறைப்பாய், மறுபடி சொல்வாய். நான் என் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, நானே கற்றுக்கொண்டேன். அதனால் என் கூலியை யாரும் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒரே விலை. பேசினால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகலாம். பலர் போனார்கள். நான் வருத்தப்படவில்லை.

ஒரு கிருத்திகை நாளில், நகரியிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் நாலு துண்டுக்கு இருநூறு சொல்லி, அவள் தொண்ணூறு கேட்டு, கால் மணி நேரம் கத்தி, நூற்று முப்பதில் முடித்தாய். அவள் சிரித்துக்கொண்டே போனாள். எனக்குத் தாங்கவில்லை.

"நூத்திமுப்பது தான் வெலைன்னா அத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியது தான?"

"சொல்லலாம் பாவா. நான் கடைசிப் பேச்ச மொதல்லயே பேசிட்டா, அந்தம்மா எத ஜெயிச்சுகினு ஊட்டுக்குப் போவும்?"

வியாபாரி சொல்லும் சமாதானம் என்று அதை அப்போதே தள்ளிவிட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். நாங்கள் குடியிருந்தது மாடிப் பகுதி, உனக்குத் தெரியும். என் மனைவிக்கு முட்டி போய்விட்டது. பதினேழு படி. பக்கவாட்டாகத் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவாள். இந்த நேரத்தில் வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம், இரண்டு மாதத்தில் மாடியை விடுங்கள் என்றார். இனி வாடகை வேண்டாம், தரையோடு ஒரு சொந்த வீடு வாங்குவது என்று முடிவு செய்தேன். அறுபத்தாறு வயதில் முதல் வீடு.

கே.ஜி.கண்டிகையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. மூன்று சென்ட், இரண்டு அறை, வாசலில் ஒரே ஒரு படி. கணவனை இழந்த ஓர் அம்மா தனியாக இருந்தாள். என்ன கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்வதில் எனக்கு என்றைக்குமே ஆசை உண்டு. எரிந்த மோட்டாரைப் பார்ப்பது போலவே அந்த வீட்டைப் பார்த்தேன். வெயிலில் ஒரு நாள், மழையில் ஒரு நாள் போனேன். மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். மொட்டைமாடியில் இரண்டு விரிசல். பின்கட்டில் இருந்த மோட்டாரின் தண்டை விரலால் திருப்பினேன், அசையவில்லை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன், சுத்தம். அங்கே டீக்கடையில் மூன்று நாள் காலையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறது என்று விசாரித்தேன். ஓர் ஆட்டோக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பெருசு, நீ வாங்கறியா, விக்கறியா? அதச் சொல்லு மொதல்ல. வெல அதுக்கப்புறம் சொல்றேன்."

ஒரே மண்ணுக்கு வாயைப் பொறுத்து விலை மாறுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேட்டதையெல்லாம் சலித்துப் பார்த்ததில், அதே தெருவில் இதே அளவு நல்ல வீடு ஒன்று இருபத்தொன்றுக்குப் போனது உறுதியானது. சுவர், மொட்டைமாடி வேலைக்கு இரண்டைக் கழித்தேன். பத்தொன்பது லட்சம். சரியான விலை. நேராகப் போய்ச் சொன்னேன்.

"பத்தொம்பது லட்சம்மா. ஒரு ரூபா ஏறாது, ஒரு ரூபா எறங்காது."

அந்தம்மா சிரித்தாள். "இன்னாண்ணா, வந்ததும் வராததுமா! சரி, அது உங்க மொத பேச்சு. நான் இருபத்திநாலு சொல்றேன். ஒக்காருங்க, டீ வெக்கறேன்."

"மொத பேச்சு இல்லம்மா. கடைசிப் பேச்சு."

அவள் முகம் மாறியது. "எட்த ஒடனே பத்தொம்பது குடுக்கறீங்களா? இங்க இன்னா வருது? ரோடு வருதா? எங்களாண்ட சொல்லாம எதுனா ஆபீசு வருதா?"

"ஒண்ணும் வரல. கணக்கு போட்டேன்."

"ஆங். போட்டீங்க." உள்ளே போய்விட்டாள். டீ வரவில்லை.

நான்கு நாள் கழித்து அந்த ஆட்டோக்காரன் என் கடைக்கே வந்தான். "இன்னா பெருசு பண்ண? அந்தம்மா இருபத்தாறு சொல்லிகினு கீது. ரோடு வருதாமே? எனுக்கும் ஒரு அரை கிரவுண்டு பாத்து வையேன்!"

உண்மையைச் சொன்னதற்கு விலை ஏறியது, பாவா. உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கும். வீட்டில் சொன்னேன். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவே இல்லை.

"உங்க வாய் ஒரு தரம் தெறந்ததுக்கு ஏழு லட்சமா? மூடிகினு கீறதுக்கு எவ்ளோன்னு கேட்டுட்டு வாங்க, அதையே குடுத்துடலாம்."

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு நாலு வீடு பார்த்தேன். ஒன்றில் ஆறு படி, இன்னொன்றில் பத்திரமே சரியில்லை. காலி செய்ய மூன்று வாரம்தான் மிச்சம். அப்போதுதான் நீ என்னை அம்மையார்குப்பத்துக்கு அழைத்துப் போன நாள் நினைவுக்கு வந்தது. லுங்கி வாங்கப் போனவன், அந்தத் தறிக்காரர் வீட்டில் ஒரு மணி நேரம் விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டாய். மகள் எங்கே, சம்பந்தி எப்படி, யாருக்கு என்ன வைத்தியம். அவருக்கு அன்றைக்கே பணம் வேண்டும் என்று தெரிந்ததும் அங்கேயே எண்ணிக் கொடுத்தாய். விலையும் இறங்கியது. திரும்பும்போது பஸ்ஸில் நான் முணுமுணுத்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "வெல அவரு குடும்பத்துல கீது பாவா. நீ லுங்கியில தேடிகினு கீற."

அதைத் தந்திரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது சோதித்துப் பார்க்கத் தோன்றியது. மறுநாளே கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். விலை பேசவில்லை.

"எதுக்கும்மா ஊட்ட விக்கற?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இத்தினி பேரு வந்தாங்க, ஒருத்தரும் கேக்கல. எத்தினி சென்ட்டு, எத்தினி அடி. அவ்ளோ தான்."

பிறகு சொன்னாள். சித்தூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாள். அங்கே ஒரு விருந்தில் நாலு பேர் முன்னால் மாப்பிள்ளை சொன்னானாம், அத்தை வீடு இருபது லட்சம் போனால் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று.

"எங்கூட்டுக்காரு கட்ன ஊடுண்ணா. சிரிச்சிகினே சொல்றான். மிச்ச காலத்துக்கும் அந்த மீசையப் பாத்துகினே நான் சோறு துன்னணும். இருபத்தாறு, சும்மா கோவத்துல சொன்னது. ஆனா இருபதுக்குக் கீழ தரமாட்டேன். ஒரு ரூபா எறங்காது."

என் வார்த்தையை என்னிடமே சொன்னாள். அவளும் என்னைப் போல ஒரு பிறவி என்று தெரிந்தது. கையில் இன்னும் ஒரு லட்சம் இருந்தது, விரிசல் விட்ட மொட்டைமாடிக்குத் தட்டோடு, அதாவது தளத்து ஓடு, பதிக்க ஒதுக்கியது. தட்டோடு பதிப்பதை நானே கற்றுக்கொள்ளலாம், காயில் கட்டக் கற்றவனுக்குச் சுண்ணாம்பா வராது? ஆனால் இருபது என்று என் வாயில் வர மறுத்தது. வீடு பத்தொன்பதுதான் பெறும். பின்கட்டுக்கு நடந்தேன்.

"இந்த மோட்டாரத் தனியா குடுப்பியா?"

"மோட்டார யாருண்ணா தனியா வாங்குவாங்க?"

"நான் வாங்குவேன். ஊட்டுக்குப் பத்தொம்பது. மோட்டாருக்கு ஒண்ணு."

அவள் மோட்டாரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அண்ணா, அது ஓடியே ரெண்டு வருசம் ஆவுது."

"தெரியும்."

"நீங்க மோட்டாரு கட்றவரு தான?"

"நாப்பது வருசமா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் துடைத்துக்கொண்டாள். அந்த முறை டீ வந்தது.

பத்திரத்தில் இருபது என்று எழுதியிருக்கிறது. யாராவது கேட்டால் நான் பிரித்துத்தான் சொல்கிறேன், வீட்டுக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு என்று. அரைக் குதிரைத்திறன் மோட்டாரை ஒரு லட்சத்துக்கு வாங்கினேன் என்று சொன்னால் தொழில்காரர்கள் என்னைப் பார்க்கும் பார்வையைச் சகித்துக்கொள்கிறேன். சித்தூரில் மீசை போனதா என்று கேட்க அந்தம்மாவின் போன் நம்பரை வைத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை. என் மனைவி புது வீட்டு வாசலில் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஒரு படி. இன்னொரு முறையும் ஏறிப் பார்த்தாள்.

உன்னிடம் தோற்றுவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. என் கூலி ஒரே விலைதான். குறைக்கவில்லை. போன வாரம் ஒருவன் வண்டியில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து, "பாத்து போடுங்கண்ணா" என்று இழுத்தான். வழக்கமாகத் திட்டி அனுப்பியிருப்பேன். அதற்கு முன் கேட்டேன்: "தண்ணிக்கு யாரு காத்துகினு கீறாங்க?"

"பொண்ணு புள்ள பெத்துகினு வந்து கீது. பத்து நாளு ஆவுது."

கூலியைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான். வரிசையில் அவனுக்கு முன்னால் ஐந்து மோட்டார் இருந்தன. அவனுடையது அன்று மாலையே ஓடியது.