உள்பாவாடை கட்டிய அலெக்சாண்டர்

ஆடி 3, சனிக்கிழமை

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று குற்றாலத்தில் சீசன் விழா மேடையில், மனைவியின் உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு நான் அலெக்சாண்டராக நின்றேன்.

முன்வரிசையில் தென்காசி சரித்திர வாத்தியார் சுடலைமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். மறுபக்கம் அவளைப் பெண்பார்க்கச் சுரண்டையிலிருந்து வந்தவர்கள். நான் அட்டைக்கத்தியைச் சுழற்றி, "ஆசியாவையே வெட்டிச் சாய்ச்சேன்" என்றதும் வாத்தியார் எழுந்துவிட்டார்.

"ஏலே, வெட்டினது கொஞ்ச நாளுதாம்லே. பொறவு அங்கனயே தங்கின கிரேக்கன் ஊரு கட்டினான், நாணயம் போட்டான், யாவாரம் பண்ணினான். காந்தாரத்துப் புத்தர் உடுத்தியிருக்க துணி மடிப்புகூட அவன் சிலையைப் பாத்து வந்ததுதாம்லே!"

சுரண்டைக்காரர்கள் மெச்சித் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"புத்தர் துணி இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்க தலைச்சாயம் சாரல்ல கரைஞ்சு சட்டையில ஒழுகுது, பாருங்க!"

கூட்டமே சிரித்தது. சுரண்டைக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர் துடைக்கத் துடைக்கக் கன்னமெல்லாம் கறுப்பானது. மகள் தலை நிமிரவில்லை. வீட்டில் அவள் செய்து வைத்திருந்த கேசரியைத் தொடாமல், சுரண்டைக்காரர்கள் அப்படியே பஸ் ஏறிவிட்டார்களாம்.

நாடகத்தை எனக்கு எழுதிக் கொடுத்தவர் வாத்தியார்தான். அவர் எழுந்து சொன்னது, சிரிப்பு வராது என்று நான் கிழித்துப் போட்ட கடைசிப் பக்கம்.