டாலி திரும்பாத தெரு

அப்பா,

மழையில் நனைந்த, வண்டி கட்டும் பெல்ட்டுகளைக் காலையில் ஜீப்பின் பானட் மேல் விரித்துப் போட்டேன். வெயில் ஏற ஏற அந்த நாற்றம் கிளம்பியது. நைலானும் கிரீஸும் சேறும் கலந்த நாற்றம். வேலை முடிந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் சட்டையில் இருக்குமே, அதேதான். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். ஒரு வாரமாக உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இருந்ததால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நீ போன பிறகு ஜீப்பையும் டாலியையும் நான்தான் ஓட்டுகிறேன். உன் டாலியை முதல்முறை பார்ப்பவர்கள் இன்னும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம், ஜீப்பின் பின்னால் மாட்ட ஒரு கொக்கி. நின்றுபோன காரின் முன்சக்கரம் இரண்டையும் இதன் மேல் ஏற்றிக் கட்டிவிட்டால் பின்சக்கரம் தானாக உருண்டு வந்துவிடும் என்று சொன்னால் நம்புவதில்லை. போன மாதம் ஒரு பெரியவர், "இத்த நம்பி எப்டிம்மா வண்டிய குடுக்கறது? அதுவும் நீ கட்டறன்ற" என்றார். கட்டி முடித்த பிறகு அவரே பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

உனக்கு இருந்த ஒரே பயம் ரிவர்ஸ். கார் ஏற்றிய டாலியைப் பின்னால் எடுத்தால் ஜீப் ஒரு பக்கம், டாலி ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் என்று மடங்கிக்கொள்ளும். அதனால் தெரியாத தெருவென்றால் ஜீப்பை முனையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பார்த்துவிட்டு வருவாய். "பூந்துட்டா முன்னாடி போயிதான் வெளிய வரணும், பாப்பா" என்பாய்.

வாலாஜாபாத்தில் என் மாமியார் வீட்டுக்கு நீ வந்த அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கு அவர்கள் கேட்டு வாங்கிய கார் அது. புதுசுக்கு வழியில்லாமல் நீயே நாலு இடம் அலைந்து, ஓட்டிப் பார்த்து வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார். ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஓடிய அன்று, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் அதைத் தண்ணீருக்குள் விட்டார். எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றது. பழி உன் தலையில் விழுந்தது. செத்த வண்டியைக் கட்டிவிட்டான் மனுஷன், வந்து எடுத்துப்போய்ச் சரிசெய்து தரட்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பினாள். நீயும் ஒரு வார்த்தை கேட்காமல் டாலியோடு வந்து நின்றாய்.

நீ கம்பிவடத்தை இழுக்கும் கை வின்ச்சைச் சுற்ற, கார் மெல்ல மெல்ல டாலியின் மேல் ஏறியது. ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். வீட்டுக்காரர் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான்தான் ஏறி உட்கார்ந்தேன். நீ மண்டி போட்டுச் சக்கரத்தைச் சுற்றி பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் வாசலில் வந்து நின்றாள். தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டிய மட்டும் இன்னாத்துக்கு ஏத்தறீங்க? உங்க பொண்ணையும் சேத்து ஏத்திக்கினு போங்க. ரெண்டுமே ரிப்பேர்தான். சரியாச்சுன்னா கொண்டாந்து வுடுங்க."

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்தும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதற்கான குத்தல் அது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெல்ட்டை இறுக்கும் உன் ராட்செட்டின் கடகட சத்தம் சட்டென்று நின்றது. நீ ஏதாவது திட்டுவாய் என்று காத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து அதே சத்தம் மறுபடி கேட்டது. இரண்டு பக்கமும் இறுக்கினாய். சங்கிலியை மாட்டி உலுக்கிப் பார்த்தாய். அப்புறம் வந்து கார்க் கதவைத் திறந்தாய்.

"எறங்கும்மா. துணிமணி எடுத்துக்கினு வா."

என் வீட்டுக்காரர் அப்போதும் தலை நிமிரவில்லை.

ஊரைத் தாண்டியதும் எடைமேடைக்கு முன்னால் இருக்கும் பெரிய பொட்டலில் நிறுத்தினாய். புதிதாகக் கட்டிய பெல்ட் கொஞ்ச தூரம் ஓடினால் தளர்ந்துவிடும், இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். அது உன் வழக்கம். அன்று இறுக்கி முடித்துவிட்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாய்.

"இங்க எடம் பெருசா கீது. திரும்பிப் போவணும்னா இங்கியே வளச்சித் திருப்பிடறேன். அப்பால இந்த மாதிரி எடம் கெடைக்காது. நீ சொல்லு பாப்பா. உன் இஷ்டம்தான்."

"நம்ம வூட்டுக்கே போலாம்பா" என்றேன்.

ஒரகடம் நெருங்க நெருங்க நான் நேரம் பார்த்துக்கொண்டே வந்தேன். நம் ஊரான வடக்குப்பட்டில் கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிடும் நேரம். அதில் வரும் பெண்களில் பாதிப்பேர் என்னோடு செல்போன் கம்பெனி லைனில் நின்றவர்கள், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்கள். அவர்கள் கண்ணெதிரே, நின்றுபோன சீர் வண்டியும் நானுமாக ஊர்வலம் போக வேண்டுமா?

"ஏரிக்கர பக்கமா பின்தெருவுல போப்பா. யாரும் பாக்க மாட்டாங்க."

"அங்க டாலி திரும்பாது பாப்பா. கோயில் மூலைல மாட்டிக்கினா ரிவர்ஸும் வராது."

பெரிய தெரு வழியாகவே போனாய். போனதோடு விட்டாயா? டீக்கடை எதிரே, பஸ் நிற்கிற அதே இடத்தில், ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கினாய். இறுக்கமாக இருந்த பெல்ட்டை மறுபடி இழுத்துப் பார்த்தாய். டீக்கடைக்காரர் சத்தமாகக் கேட்டார்.

"இன்னா நைனா, யார் வூட்டு வண்டி?"

"சம்மந்தி வூட்டுது. எம் பொண்ணும் வந்துகீறா. ரெண்டு டீ போடு, அவளுக்கு சக்கர தூக்கலா."

நான் சீட்டிலிருந்து நழுவிக் காலடியில் குனிந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் பேச்சுச் சத்தம் ஜீப்பைத் தாண்டிப் போனது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஜன்னல் வழியாக டீ கிளாஸை நீட்டினாய்.

"இன்னா பாப்பா தேடற?"

"செருப்பு."

"சரி, மெதுவா தேடு."

அதன்பிறகு பல நாள் உன்னோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி சரியானதும் அவர்கள் ஓர் ஆளை அனுப்பினார்கள், வண்டியை மட்டும் கேட்டு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ சாவியை அவன் கையில் கொடுத்து, "தண்ணில வுடாதீங்க" என்று மட்டும் சொன்னாய். நான் மறுபடி வேலைக்குப் போனேன். ஆனாலும் அந்த டீக்கடை என் மனசில் முள்ளாக நின்றது. டாலி திரும்பாது என்றால் சரி, அங்கே ஏன் நிறுத்தினாய், ஏன் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாய்? கேட்கவே இல்லை. நெஞ்சுவலி என்று நீ உட்கார்ந்த அன்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

போன வாரம் அந்தப் பின்தெருவிலிருந்தே ஒரு போன் வந்தது. ஒருவர் வீட்டு வாசலில் கார் நின்றுபோய்விட்டது. தயங்கித் தயங்கித்தான் போனேன். காரை ஏற்றிக் கட்டிவிட்டு, நீ செய்கிற மாதிரி கோயில் மூலை வரை நடந்து பார்த்தேன். அதே மதில், அதே வேப்பமரம். போதாக்குறைக்கு ஒரு வீட்டுக்காரர் புதிதாகப் படிக்கட்டை வேறு தெருவுக்குள் இழுத்துக் கட்டியிருந்தார். சாமியைக் கும்பிட்டுவிட்டு ஜீப்பை எடுத்தேன்.

டாலி திரும்பியது அப்பா. மதிலில் படவில்லை, படிக்கட்டில் படவில்லை. இன்னொரு முழம் இடம் மிச்சமிருந்தது.

தெரு முனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கார்க்காரர் வந்து, "இன்னாம்மா, பெல்ட்டு லூசா?" என்று கேட்டார். ஆமாம் என்று இறங்கிப் போய்ச் சும்மா இறுக்கினேன். பிறந்து வளர்ந்த ஊரின் தெரு உனக்குத் தெரியாதா? மூலைக்கு மூலை அளந்து வைத்திருந்த மனுஷன் நீ. என்னை ஒளித்துக் கூட்டிவர உனக்கு மனசில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லவும் தெரியாமல் டாலி மேல் பழியைப் போட்டுவிட்டாய்.

இப்போதும் ஒவ்வொரு வண்டியையும் கட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி இறங்குகிறேன். பெரிய தெருவில்தான் போகிறேன், பஸ் வருகிற நேரமானாலும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் போகிறேன். ஆனால் அந்த டீக்கடையைத் தாண்டும்போது மட்டும் முகம் சுடுகிறது. என் பெண் வந்திருக்கிறாள் என்று ஊருக்கே கேட்க நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் காலில் கிடந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.