சந்தியோகுவின் பேரனுக்கு

சென்ட் லோரன்ட்,
ஏப்ரல், ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் றெக்ஸ்,

நான் சுகம். நீயும் மரிசோலும் மெக்சிகோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் நினைத்ததில் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்துக் கூட்டியாவது வாசி. சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும்.

இங்கே பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. மாத்திரை பொதி செய்யும் வேலைக்கு அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன். முழங்கால் நோ குறைவு. உன் காரை மேல்வீட்டுச் சர்மிளாவின் புருசன் இடைக்கிடை ஸ்டார்ட் செய்து வைக்கிறார்.

நீ அனுப்பிய படங்கள் எல்லாம் பார்த்தேன். மரிசோலின் பூட்டனார் சந்தியாகோ பிறந்த வீடு, அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில், தோடம்பழத் தோட்டத்தில் பழம் ஆயக் கலிபோர்னியாவுக்கு அவர் பஸ் ஏறிய சந்தி. அவரோடு விட்டுப்போன சொந்தத்தை நீங்கள் இரண்டு பேரும் தேடிப் பிடித்துவிட்டீர்கள். கெட்டித்தனம்தான். அவருடைய தங்கச்சி மகளாம் தொமாசா, அந்த வயதுபோன மனிசி, உன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. நீ சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிறாய். இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! கீழே 'என் குடும்பம்' என்று வேறு எழுதியிருக்கிறாய்.

நீங்கள் இரண்டு பேரும் பரம்பரை பார்க்கக் குழாய்க்குள் எச்சில் துப்பி அனுப்பினீர்களே, அதன் முடிவு வந்த நாளை நினைக்கிறேன். மரிசோலுக்குச் சொந்தக்காரர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உனக்கு வரைபடத்தில் ஒரு மஞ்சள் திட்டு மட்டும் வந்தது. “எனக்கு ஒருத்தரும் இல்லை அம்மா, பாருங்கோ” என்று சிரித்தாய். நான் உனக்குப் பக்கத்தில் நின்றுதான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சனம் எச்சில் துப்பி அனுப்பவில்லை மகன். அதற்காக இல்லாமல் போய்விடவில்லை. எங்கள் ஊர் பேசாலையில் உன் பெரியம்மா இருக்கிறா. போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் அங்கே போவோம் என்று கேட்டேன். லீவு இல்லை என்றாய். சந்தியாகோவுக்கு மட்டும் லீவு கிடைத்துவிட்டது. உன் அம்மப்பாவின் பெயர் என்னவென்று தெரியுமா உனக்கு? சந்தியோகு. அதே புனிதரின் பெயர்தான். வள்ளம் வைத்திருந்தவர். கோபம் வந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவார். அந்தப் பழக்கத்தை நீ எங்கே பழகினாய் என்று நினைக்கிறாய்?

இன்று பூசை முடிந்து வர, வாசலில் மரிசோலின் தாய் எலேனாவின் கார் நின்றது. புரோசார்டில் இருந்து உன் மாமி பூங்கொத்தோடு வந்திருந்தா. என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அவவின் பிரெஞ்சு எனக்குப் பாதி விளங்காது, என்னுடையது அவவுக்கு முழுதும் விளங்காது. போனைத் திறந்து ஒரு வீடியோ காட்டினா. தொமாசா மரிசோலின் வயிற்றில் கை வைத்துச் செபிக்கிறா. சுற்றி நிற்கிற சனம் கை தட்டுகிறது. நீ கண்ணைத் துடைக்கிறாய்.

என் முகத்தைப் பார்த்ததும் எலேனா போனை மூடிவிட்டா. நீங்கள் எனக்கு இன்னும் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டா. நான், தெரியும் தெரியும் என்று தலையாட்டி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவ போன பிறகு பூங்கொத்தைக் குப்பையில் போட்டேன். பேந்து எடுத்துத் தண்ணீரில் வைத்தேன். பூ என்ன செய்யும்?

எனக்கு எரிந்தது றெக்ஸ். அந்த மனிசிக்கு உன்னை இந்தப் பனிக்காலம் வரைக்கும் தெரியாது. நீ அழுதால் எந்தப் பக்கம் திரும்பிக் கண் துடைப்பாய் என்றும் தெரியாது. அவவின் கைக்கு முதலிடம். எனக்கு எலேனாவின் போனில்.

போகமுதல் மரிசோல் வம்சப் பட்டியலில் எழுத என்று என் தாய் தகப்பன் பெயரைக் கேட்டவ. கறி அடிப்பிடிக்குது, பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: சந்தியோகு, செபமாலை. மரிசோலே எழுதட்டும். நீ எழுதினால் பிழைவிடுவாய்.

மரிசோலைப் பாரம் தூக்க விடாதே. அங்கே பப்பாசி மலிவாம், வாயில் வைக்க வேண்டாம் என்று சொல். வெயிலில் கோயில் கோயிலாக அலைந்தது போதும், பிள்ளை இருந்து இளைப்பாறட்டும்.

சர்மிளாவுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ இந்தக் கடிதத்தை வாசிக்காதவன் மாதிரி எனக்குப் போன் எடு, அப்பன். உன் வாயால் சொல். நானும் இப்போதுதான் கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவேன்.

உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
திரேசம்மா