கணுக்காலுக்கு மேல் ஒரு சாக்பீஸ் கோடு

12.3.2024, செவ்வாய்

இன்று மெஷின் ஊசி ஆள்காட்டி விரலுக்குள் இறங்கியது. எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மெஷின் பானுதான் பார்த்தாள். "யக்கா, துணியில ரத்தம்." பள்ளிக்கூடச் சட்டைக் காலர் முழுக்கச் சிவப்பு. இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன்; ஊசி ஏறினால் உயிர் போகும். இன்று ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

14.3.2024

கால் ஒரு வருஷமாகவே மரத்துக் கிடக்கிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து வருவேன். கைக்கும் வந்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. மாமனாருக்குச் சர்க்கரையில் கால் எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு என்னைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தார். சர்க்கரை இல்லை.

"இன்னைக்கி இல்ல. நாளைக்கி வராதா? இனிமே உனக்கு ராத்திரி சோறு கிடையாது. சப்பாத்திதான்."

"யாரு உருட்டுவா? என் விரலு வெளங்கல."

"நான் சுடுதேன்."

அடுப்பைப் பற்றவைக்கவே தெரியாத மனுசன்.

20.3.2024

ஆறு சப்பாத்தி. ஒன்றுகூட வட்டமில்லை. ஓரமெல்லாம் கரி. தின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று அவர் சமைத்தது இதுதான் முதல்.

30.4.2024

துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் காலில் கோடு போட்டேன். பாதத்திலிருந்து ஊசியால் குத்திக்கொண்டே வந்து, எங்கே வலி தெரிகிறதோ அங்கே கோடு. கணுக்காலுக்கு ஆறு விரல்கடை மேலே. மாதா மாதம் பார்க்க வேண்டும்.

31.5.2024

ஏழு.

31.7.2024

ஒன்பது. காலையில் கோதுமை ரவை உப்புமா, மத்தியானம் டப்பாவில் சப்பாத்தி என்று ஆக்கிவிட்டார். சப்பாத்தி இப்போது வட்டமாக வருகிறது. எனக்குத்தான் நேராக நடக்க வரவில்லை.

9.8.2024

கம்பெனி முதலாளி பூவனநாதன் அண்ணாச்சி கூப்பிட்டார். "உன் தையல் மாதிரி யாருக்கும் வராதும்மா. ஆனா மூணு பண்டல் திரும்பி வந்துட்டு." என் மெஷினில் வேறு பிள்ளை உட்கார்ந்துவிட்டது. நான் பண்டல் கட்டப் போக வேண்டுமாம். மிதியில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தைக்கிறவளை எத்தனை நாள் வைத்திருப்பார்? நியாயந்தான். ஆனாலும், நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?

22.10.2024

பானுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி நரம்பு டாக்டரம்மாவிடம் போனேன். "தினம் என்ன சாப்பிடுதீங்க?" என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன். உடனே வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

4.11.2024

மறுபடி திருநெல்வேலி. கோதுமை என் உடம்புக்கு ஆகவில்லையாம். அதை எதிர்க்கக் கிளம்புகிற உடம்பு நரம்பையும் சேர்த்துக் கெடுத்துவிடுமாம்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இருக்கலாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், எதுவும் துளிகூட கூடாது. கடைப் பெருங்காயத்துலயும் மாவு கலந்திருக்கும்."

"நிறுத்துனா விரலு திரும்புமா டாக்டர்?"

ரிப்போர்ட்டை மடித்து என்னிடம் கொடுத்தார். "மேல ஏறாம நிக்கலாம். போனது வருமான்னு சொல்ல முடியாதும்மா."

பஸ்ஸில் பானு அழுதுகொண்டே வந்தாள். எனக்கு ஒரே யோசனைதான் — வீட்டில் இதை எந்த வாயால் சொல்ல?

5.11.2024

சொன்னேன். கல்லில் சப்பாத்தி கிடந்தது. அடுப்பை அணைத்தார்.

"அப்போ நாந்தானா?"

"நீங்க இல்ல. அதுக்கு முந்தியே கால் மரத்துட்டு. பரோட்டாவும் பன்னும் நான் தின்னதுதான?"

காதில் ஏறவில்லை. "எட்டு மாசம், என் கையால" என்றார். அப்புறம் படுத்துக்கொண்டார்.

8.11.2024

சப்பாத்திக் கட்டையைக் காணோம். நான் உலை வைத்தேன்.

31.12.2024

பதினொன்று. போன மாதமும் பதினொன்றுதான். ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

கம்பு, சோளம், அரிசி — நான்தான் பொங்குகிறேன். கொதிக்கிற பானையைத் தொட்டு விரலில் கொப்புளம். கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். அவர் அடுப்படிக்குள் வருவதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசலில் நின்று கேட்கிறார். விரல் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

28.2.2025

பதினொன்று. கம்பெனிக்குப் போவது இன்றோடு நின்றது. கத்திரிக்கோலைப் பானுவிடம் கொடுத்துவிட்டேன்.

31.5.2025, சனி

இந்தப் பேனாவையே ரப்பர் பேண்ட் சுற்றித்தான் பிடிக்கிறேன். ஊசி நிற்கவே மாட்டேன் என்கிறது. காலில் குத்திப் பார்க்க அவரைக் கூப்பிட்டேன்.

"கண்ண மூடிக்கோட்டி" என்றார். நான் முழுசாக மூடவில்லை. பாதத்தில் குத்தினார், கணுக்காலில் குத்தினார், மேலே வந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஊசி போகிற இடத்தை இமையிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு விரல்கடையில் ஊசி பட்டபோது, "வலிக்கி" என்றேன்.

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போவுது?"

அங்கே கோடு போட்டார். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குள் போய், கம்பு மாவு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

அவர் மாவு பிசைகிற நேரத்தில் கோட்டை அழித்தேன். பதினொன்றில் போட்டுவிட்டுச் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.