எரியாத கட்சிக்காரனின் முன்பல்

பெப்ரவரி 24
முன்பல் உயிரை எடுக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு வைத்தியம், கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புடுங்கிப் போட்டுருங்கண்ணே." பிடுங்கினால்? காமன் கூத்தில், சிவன் மன்மதனை எரிக்கவில்லை என்று இருபது வருடமாக லாவணி பாடும் வாய் இது. பல் போன ஓட்டையோடு 'ரதி' என்றால் காற்றுதான் வரும். எரித்தான் என்று எதிர்ப்பாட்டுப் பாடும் எரிந்த கட்சிச் செல்லசாமிக்குக் கொண்டாட்டம்.

பெப்ரவரி 26
ஹட்டனில் பல் டொக்டர் சிவகௌரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சொத்தை நரம்புவரை போய்விட்டதாம். பல்லைத் துளைத்து, வேருக்குள் அழுகிய நரம்பைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார்.
"வலி நிண்டாலும் வேலை முடியேல்லை ஐயா. ஆறாம் திகதி கட்டாயம் வாங்கோ. வேரை நிரப்பி, மேல கப் போடோணும்."
தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது.

மார்ச் 2
வலியே இல்லை! கூத்துக்காகக் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. பதின்மூன்றாம் திகதி மன்மதன் எரியும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஆறாம் திகதி? வலிக்காத பல்லுக்கு டொக்டர் எதற்கு?

மார்ச் 6
போகவில்லை. மனைவி ஜீவராணி முறைத்தாள். முறைப்பு எனக்குப் புதிதல்ல.

மார்ச் 9
அடைப்பு முறுக்கோடு போய்விட்டது. விழுங்கியும்விட்டேன்.

மார்ச் 11
உதடு வீங்கி மூக்கைத் தொடுகிறது. அனுமார் வேஷத்துக்கு ஆள் தேட வேண்டாம். காய்ச்சல் — என்னடா பண்ணித் தொலைச்ச? காப்பை அறுத்தால் இந்த வருஷம் பாட முடியாது. அறுக்காவிட்டால் பல்லே போய்விடும், எந்த வருஷமும் பாட முடியாது. சாமி குத்தமா, சீழா — எதுக்குப் பயப்படுறது? ஜீவராணி அழுகிறாள். கேலி செய்ய வாய் வரவில்லை.

மார்ச் 12
காலையில் செல்லசாமி வந்தான். சிரிக்க வந்திருக்கிறான் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.
"கைய நீட்டுங்கண்ணே."
கத்தியால் காப்பை அறுத்தான்.
"குத்தம் என்னையச் சேரட்டும். நீங்க பாடலன்னா நான் யாரோட சண்டை போடுறது?"
வாசலில் திரீவீல் ஆட்டோ நின்றது. டொக்டர் திட்டிக்கொண்டே பல்லைத் திறந்து சீழை வடியவிட்டார்.

மார்ச் 14
நேற்று படுத்தே கிடந்தேன். செல்லசாமி ரெண்டு அடி பாடிவிட்டு மைக்கை வைத்துவிட்டானாம். இருபது வருடத்தில் முதல் தடவையாக மன்மதன் எதிர்ப்பேச்சில்லாமல் எரிந்தான்.

ஏப்ரல் 22
வேரை நிரப்பி, கப்பும் போட்டாகிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் செல்லசாமி மறித்தான்.
"நரம்பு செத்துருச்சுல்ல? அப்ப பல்லு எரிஞ்சதுதான்!"
"கடிக்குதுடா. எரியல!"
கணக்கப்பிள்ளை மலைக்கு வேலைக்கு விரட்டும்வரை பாடினோம். 'ரதி'யில் காற்றே வரவில்லை.