உரலடியில் உன் வரி

சோம்பா,
முதல் மழை பெய்த வாரம்.

அன்பு மகள் தியாமிகேவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம்; அந்த அயல்நாட்டுக் குளிரில் உனக்கு நெஞ்சுச் சளி விட்டதா என்பதே எங்கள் முதல் கேள்வி. பாதியில் குழம்பிவிடுவேன் என்பதால் சொல்லவேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அம்மாவின் முழங்கால்.
2. மாமரம்.
3. உன் கவிதை இங்கே யாருக்கும் நினைவில்லை. ஆகவே அதைத் திரும்பப் பெறுவதாக அரசாங்கம் கேட்கும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு நீ ஊர் திரும்பலாம்.

அம்மாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. உன்னைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள், அப்படியானால் மருந்தே வேண்டாமே என்று அவர் சிரித்தார். மாமரத்தின் ஒரு கிளை காற்றில் முறிந்து சமையலறைக் கூரையில் கிடக்கிறது, ஏறி இறக்க எனக்குப் பயம். மூன்றாவதை எழுதப் போனபோது பக்கத்து முற்றத்தில் எஸ்நாத்தியும் அவள் நாத்தனாரும் சோளம் குத்திக்கொண்டிருந்தார்கள். “தொண்டையப் பூட்டுன மாமா, சாவிய எங்க முழுங்குன?” என்று ஒருத்தி பாட, “வயித்தத் தடவிப் பாரு மாமா” என்று மற்றவள் உலக்கையைப் போட்டாள். என் கை நின்றுவிட்டது. உன் வரியல்லவா! நாட்டை ஆள்பவரை நீ ‘தலைவரே’ என்று எழுதியிருந்தாய், ‘மாமா’ இவர்கள் போட்டது. தடைசெய்யப்பட்டு இந்த நாட்டுக் கடைகளில் ஒருநாளும் இருந்திராத உன் புத்தகம் எந்த வழியாக உரல்வரை வந்தது? வேலியோரம் போய் மெதுவாகக் கேட்டேன். “உரலக் கேளுங்க வாத்தியாரய்யா, நாங்க மாவுக்குத்தான் பொறுப்பு” என்றாள் எஸ்நாத்தி. அந்த நேரம் பார்த்து ஆளும் கட்சியின் கிளைத் தலைவர் சிபேத்தா வந்துவிட்டார். அவர் நின்று கேட்டார். உரலடிப் பாட்டுக்கு யாரையும் குற்றம் சொல்வதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவருடைய அம்மாவும் அப்படித்தானே மாமியாரைத் திட்டித் தீர்த்திருப்பார். மாவு நைசாக வருகிறதா என்று மட்டும் கேட்டார். “மாமா வயித்துல என்னமோ கடமுடங்குது, அதான் நைசாக் குத்துறோம்” என்று நாத்தனார் சொன்னதும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்துவிட்டார். எனக்கு ஆவல் அடங்கவில்லை, இரண்டு நாள் விசாரித்தேன். ஒருத்தி கல்யாண வீட்டில் கேட்டாளாம், இன்னொருத்தி ஏரிக்கரையில் மீன் காயவைக்கும் பெண்களிடமிருந்து பிடித்தாளாம். அது உன் வரி என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. நீ திரும்பப் பெறுவதானால் யாரிடமிருந்து பெறுவாய்?

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். காலுறை போடாமல் வெளியே போகாதே. பதிலைத் தபாலில் போடாதே, இதைக் கொண்டுவரும் கன்னியாஸ்திரீயிடமே கொடு. மூன்றாவதாக எழுதியது தவறு, மகளே. கையெழுத்திடாதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

உன் அப்பா,
வில்சன் கும்பாலி